காப்பிப் பணம் போய்ச் சேர்ந்த இடம்

சாவோ பாலோ என்றதும் நகரம்தான் நினைவுக்கு வரும். நான் எழுத வந்தது அதே பெயருள்ள மாநிலத்தைப் பற்றி. பிரேசிலின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இங்கிருந்து வருகிறது. அதற்கு அடித்தளம் போட்டது காப்பி. அதனால் துறைமுக நகரமான சாந்தோஸிலிருந்தே கிளம்பினேன்.

அங்கே 1922-இல் திறந்த காப்பிச் சந்தைக் கட்டடம் இப்போது அருங்காட்சியகம். ஏலக் கூடத்தில் தரகர்களின் நாற்காலிகள் அப்படியே இருக்கின்றன. மேலே பெனெதித்தோ கலிஸ்தோ வடிவமைத்த வண்ணக் கண்ணாடிக் கூரை. கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் அந்தக் காப்பியை முதலில் விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள். 1888-இல் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களுக்கு நிலமும் தரவில்லை, ஈடும் தரவில்லை. இத்தாலியிலிருந்து கூலியாட்களைக் கொண்டுவர மட்டும் அரசுப் பணம் தாராளமாகச் செலவானது. இந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை என்றே நினைக்கிறேன்.

மாநிலத் தலைநகரான சாவோ பாலோவில், வந்திறங்கியவர்கள் தங்கிய 1887-ஆம் ஆண்டு விடுதி இன்று குடியேற்ற அருங்காட்சியகம். 1908-இல் கசாத்தோ மாரு கப்பலில் வந்த முதல் ஜப்பானியக் குடும்பங்களும் இங்கேதான் தங்கின.

அப்புறம் பாம்புக்கடி மருந்து செய்யும் புத்தாந்தான் நிறுவனம். என் மனம் அதிகம் ஒட்டியது இங்கேதான். 1899-இல் சாந்தோஸில் பிளேக் பரவியது. அதற்கு மருந்து செய்ய சாவோ பாலோ நகருக்கு வெளியே ஒரு பண்ணையில் அரசு ஆய்வுக்கூடம் வைத்தது. 1901-இல் அது தனி நிறுவனமானது. அதன் முதல் இயக்குநர் வித்தல் பிரசில் என்ற மருத்துவர். ஆசிய நாகப்பாம்பின் விஷத்துக்கு எதிராகச் செய்த மருந்து பிரேசில் பாம்புக் கடிக்குப் பலிக்காது, அந்தந்தப் பாம்பு வகைக்குத் தனித்தனி மருந்து வேண்டும் என்று நிரூபித்தவர். அதற்குப் பாம்புகள் வேண்டுமே? காப்பித் தோட்டங்களில் கடிபட்டுக்கொண்டிருந்த விவசாயிகளே பிடித்து, மரப்பெட்டியில் அடைத்து ரயிலில் அனுப்பினார்கள். பதிலுக்கு மருந்துக் குப்பிகள் போயின. காப்பி மூட்டை ஏற்றப் போட்ட தண்டவாளம் தோட்டத் தொழிலாளியின் உயிரையும் காப்பாற்றியது. 2021 ஜனவரியில் பிரேசிலின் முதல் கொரோனா தடுப்பூசி போடப்பட்டதும் இந்த மாநிலத்தில்தான். சீன நிறுவனத்தோடு சேர்ந்து அதைக் கொண்டுவந்ததும் இதே புத்தாந்தான் நிறுவனம்தான்.

பக்கத்திலேயே சாவோ பாலோ பல்கலைக்கழக வளாகம். 1932 ஜூலையில் இந்த மாநிலம் கெத்தூலியோ வர்காசின் மத்திய அரசை எதிர்த்து ஆயுதம் ஏந்தி, மூன்று மாதத்துக்குள் தோற்றது. 1934-இல் இந்தப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. தோற்றவர்கள் பழிவாங்கத் திட்டம் போடாமல் வகுப்பறை கட்டினார்கள் என்பது எனக்குப் பெரிய விஷயம்.

ஆராய்ச்சிக்கு நிதி தரும் ஃபபெஸ்ப் என்ற அமைப்புக்கு மாநில வரி வருவாயில் 1 சதவீதம் என்று மாநில அரசமைப்பிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எந்த ஆளுநர் வந்தாலும் எளிதில் கைவைக்க முடியாது. மாநில அரசின் மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் ஐசிஎம்எஸ் என்ற விற்பனை வரியில் 9.57 சதவீதப் பங்கு உண்டு. ஆனால் அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. ஆண்டுதோறும் பட்ஜெட் சட்டத்தில் எழுதினால்தான். 2033-இல் அந்த வரியே மறைந்து வேறு வரி முழுதாக வருகிறது. அதற்குள் இந்தப் பங்கையும் அரசமைப்பில் ஏற்றிவிட வேண்டும்.