பட்டியலில் இல்லாததை யார் தேடுவது?

நிலத்தடி நீரில் பூச்சிக்கொல்லி எச்சம் இருக்கிறதா என்று பார்க்க மாதிரி எடுப்பதும், வரும் முடிவுகளைப் படிப்பதும் என் வேலை. ஆய்வறிக்கை வந்ததும் எல்லோருடைய கண்ணும் கடைசிப் பத்திக்குத்தான் போகும். நான் முதலில் பார்ப்பது எந்தெந்தப் பொருட்களைத் தேடினார்கள் என்ற பட்டியலை. அதில் இல்லாத ஒன்று தண்ணீரில் எவ்வளவு இருந்தாலும் அறிக்கையில் வராது.

டென்மார்க்கின் குடிநீர் கிட்டத்தட்ட முழுவதும் நிலத்தடி நீர்தான். பல வருடங்களாக அதைக் கண்காணித்து வரும் நாடு. அங்கே குளோரிடாசோன் என்ற களைக்கொல்லியைப் பீட்ரூட் வகைப் பயிர்களுக்கு அடித்தார்கள். 1996-ல் அது நின்றது. அது மண்ணில் சிதையும்போது உண்டாகும் டெஸ்பினைல் குளோரிடாசோனைப் பரவலாகத் தேட ஆரம்பித்தது 2017-ல்தான். தேடியதும் நிறையக் கிணறுகளில் கிடைத்தது. இடைப்பட்ட இருபது வருடமும் மக்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனது ஆறுவதில்லை.

அடித்த மருந்து மண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடலாம். அது உடைந்து உருவாகும் பொருள் பல நேரம் தண்ணீரில் இன்னும் நன்றாகக் கரையும், மண்ணில் பிடிபடாமல் கீழே இறங்கிவிடும். அட்ரசின் என்ற களைக்கொல்லியோடு, அது உடைந்து உருவாகும் டெஸ்எதில் அட்ரசினையும் சேர்த்துத் தேடுவது இதனால்தான். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இன்னொரு சிக்கல். நூற்றுக்கணக்கான பொருட்களை ஒரே ஓட்டத்தில் பார்க்கும் வழக்கமான சோதனையில் அது சிக்காது, தனியாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் யாரும் செய்து தரப்போவதில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு பூச்சிக்கொல்லிக்கான வரம்பு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். அதாவது ஒரு கோடி லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு கிராம். இவ்வளவு நுணுக்கமான அளவைப் பிடிக்க வேண்டுமென்றால் கிணற்றடியிலேயே கவனம் வேண்டும். குழாயில் தேங்கிக் கிடந்த நீரை எடுத்துப் பயனில்லை. வெப்பம், பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு), மின்கடத்துதிறன் மூன்றும் மாறாமல் நிலைக்கும்வரை பம்ப் ஓட வேண்டும். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், உடனே ஐஸ் பெட்டி. கூடவே சுத்தமான நீர் நிரப்பிய ஒரு பாட்டிலையும் கொண்டுபோய், அங்கே திறந்து மூடி, மற்றவற்றோடு ஆய்வகத்துக்கு அனுப்புவேன். அதிலும் எச்சம் தெரிந்தால், அது எங்கள் கையிலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ வந்திருக்கலாம். செலவைக் குறைக்க முதலில் இந்தப் பாட்டிலைத்தான் வெட்டச் சொல்வார்கள். நான் விடுவதில்லை.

எப்போது எடுப்பது என்பதும் முக்கியம். ஆழமில்லாத கிணற்றில் மருந்து அடித்த பின் வரும் முதல் பெருமழை உடனே தெரியலாம். ஆழமான கிணற்றில் இன்று ஏறும் நீர் பல பத்தாண்டுகளுக்கு முன் பெய்த மழையாக இருக்கலாம். அப்புறம் இன்றைய கடை விற்பனையை மட்டும் வைத்து எப்படிப் பட்டியல் போடுவது? அதனால் அக்கம்பக்கத்து வயல்களில் வயதானவர்களிடம் முன்பு என்னென்ன அடித்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். அந்தப் பெயர்களையும் அவற்றின் சிதைவுப் பொருட்களையும் அடுத்த சுற்றில் சேர்க்கச் சொல்லி ஆய்வகத்துக்கு எழுதுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பொருளின் தூய மாதிரி அவர்களிடம் இல்லாவிட்டால் வரவழைக்கக் கொஞ்ச காலம் ஆகும்; அதுவரை அறிக்கையின் மேலே, இவை இன்னும் தேடப்படவில்லை என்று பெயரோடு குறித்துவைக்கிறேன்.