இடது சீட்டுக்குக் காத்திருக்கும் நாட்கள்

பிப்ரவரி 3

புது சீனியாரிட்டி பட்டியல் வந்துவிட்டது. கோ-பைலட் வரிசையில் நான் 14. போன தடவை 17.

பிப்ரவரி 4

மூன்று பேர் போயிருக்கிறார்கள். மூவருமே பெரிய ஜெட் விமானம் ஓட்டும் கம்பெனிக்கு. யார் யார் என்று பட்டியலில் இல்லாத பெயர்களைத் தேடிக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் பட்டியலில் நீ எப்படி ஓட்டுகிறாய் என்பதற்கு இடமே கிடையாது. சேர்ந்த தேதி, அவ்வளவுதான். எந்த ஊர் பேஸ், எந்த மாதம் லீவு, கேப்டன் உட்காரும் இடது சீட் எப்போது, எல்லாம் அந்த ஒரு எண்ணைப் பொறுத்தது. 13-ல் இருப்பவனும் நானும் ஒரே நாளில் ஒரே அறையில் கையெழுத்துப் போட்டவர்கள். அவன் என்னைவிட 11 மாதம் மூத்தவன், அதனால் அவன் 13. யாருக்கோ வேண்டியவன் என்று ஒருவன் முந்திப் போவதைவிட இது எவ்வளவோ மேல் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் 2019-ல் சேரும்போது நாலே வருஷத்தில் கேப்டன் என்றார்கள். 2020 வந்தது. விமானங்களின் இன்ஜின் வாயில் உறையை மாட்டி வரிசையாக நிறுத்தி வைத்தார்கள். இரண்டு வருஷம் பட்டியல் ஓர் எண்கூட நகரவில்லை. அந்த இரண்டு வருஷத்தை இனி யாராலும் எனக்குத் திருப்பித் தர முடியாது, அதை நினைக்காமல் இருக்கப் பழக வேண்டும்.

பிப்ரவரி 9

ஐந்து செக்டார், அதாவது ஐந்து தடவை ஏறி இறங்கல். எதுவும் ஒரு மணி நேரத்தைத் தாண்டவில்லை. ஏறி மட்டமாவதற்குள் இறங்கும் பிரீஃபிங் தொடங்கிவிடும். அதில் இரண்டு லேண்டிங் என்னுடையது, இரண்டாவது நன்றாகவே வந்தது, சக்கரம் தொட்டதே தெரியவில்லை.

ஆனால் தொட்டு வேகம் குறைந்ததும் கேப்டன் "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்பார், நான் கையை எடுத்துவிடுவேன். எங்கள் ஏடிஆர் புரொப்பெல்லர் விமானத்தில், தரையில் மூக்குச் சக்கரத்தைத் திருப்பும் டில்லர் இடது பக்கம் மட்டும்தான் இருக்கிறது. சின்னக் கைப்பிடி. பலர் பிடித்துப் பிடித்து மேற்புறம் வழவழப்பாகி லேசாகப் பளபளக்கும். 2,900 மணி நேரம் இந்த விமானத்தில் பறந்திருக்கிறேன், ஒரு தடவைகூட ரன்வேயிலிருந்து டாக்சிவேக்கு என் கையால் திருப்பியதில்லை. காற்றில் எல்லாம் தெரியும், தரையில் நான் பயணி மாதிரி.

பிப்ரவரி 11

ஜெட் கம்பெனியிலிருந்து மெயில் எதுவும் இல்லை.

பிப்ரவரி 15

பெரியவருடன், எங்கள் மூத்த கேப்டனுடன், இன்று நான்கு செக்டார். 17,000 அடியில் மேகத்துக்குள்ளேயே போனோம். ஜெட்காரர்கள் 36,000 அடியில் இதற்கெல்லாம் மேலே போய்க்கொண்டிருப்பார்கள். நம்முடைய உச்சவரம்பே 25,000 அடிதான், அதனால் வானிலை எங்கே இருக்கிறதோ அங்கேதான் நமக்கும் வேலை. ஐஸ் சேர்கிறதா என்று காட்டும் சின்னக் கட்டை கேப்டன் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நான் பார்க்க வேண்டுமென்றால் அவரைத் தாண்டி எட்டிப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு வெள்ளைக் கோடு, அப்புறம் உப்புக் கல் மாதிரி மணிமணியாக. மற்ற இடத்திலெல்லாம் ஐஸ் போன பிறகுதான் அதிலிருந்து போகும், அதனால் அது சுத்தமாகும்வரை வேகத்தில் கை வைக்கக் கூடாது.

1994-ல் அமெரிக்காவில் ரோஸ்லான் பக்கம் இதே ரக விமானம் ஐஸில் மாட்டி விழுந்து 68 பேர் போனதை ஒவ்வொரு குளிர்காலமும் அவர் சொல்வார். இறக்கையில் ஐஸை உடைத்துத் தள்ளும் ரப்பர் பூட்ஸைப் பெரிதாக்கியதே அதற்குப் பிறகுதான். "தம்பி, அந்தக் கட்டையை நீயும் பாரு. நான் பார்க்கிறேன்னு நம்பி உட்கார்ந்திராதே." இன்றும் சொன்னார்.

இறங்கி நடக்கும்போது, ஏப்ரல் 2-ஓடு சரி என்றார். மறுநாள் அவருக்கு 65.

பிப்ரவரி 16

நேற்று அவர் அதைச் சொன்ன உடனே என் மனம் போட்ட கணக்கை இங்கேயாவது எழுதி வைக்க வேண்டும். ஒரு கேப்டன் இடம் காலி. அதுதான் முதலில் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தோன்றியது. எனக்கு கிராஸ்விண்டில், பக்கவாட்டுக் காற்றில், இறக்கச் சொல்லிக்கொடுத்த மனிதர், என் முதல் மோசமான லேண்டிங்குக்குப் பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் அடுத்த செக்டாரையும் என்னிடமே கொடுத்தவர்.

பைலட் வயதுக்கான சர்வதேச வரம்பு 2006 வரை 60-ஆகத்தான் இருந்தது, பிறகு 65 ஆனது. 60-லேயே நின்றிருந்தால் அவரை நான் தெரிந்தே இருக்க மாட்டேன் என்று நினைத்துப் பார்த்தேன். அதே சமயம், அந்த ஐந்து வருஷமும் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஐந்து வருஷம்தான். இரண்டும் உண்மை.

பிப்ரவரி 22

லாக்புக்கை எடுத்துக் கூட்டினேன். மொத்தம் 3,140. கேப்டனாகத் தேவையான லைசென்ஸான ஏடிபிஎல்லுக்கு 1,500 போதும், அது எப்போதோ தாண்டியாயிற்று. இரவு மணி, இன்ஸ்ட்ருமென்ட் மணி எல்லாம் தேவைக்கு மேல். விமானத்துக்கு நானே பொறுப்பாக ஓட்டிய மணி, பைலட்-இன்-கமாண்ட் பத்திதான் மெலிந்து கிடக்கிறது. 250 வேண்டிய இடத்தில் என்னுடையது 112. அத்தனையும் பயிற்சிக் காலத்தில் சின்ன செஸ்னா 172-ல் ஓட்டியது. மீதியைக் கேப்டன் மேற்பார்வையில் ஓட்டிய மணிகளை வைத்து நிரப்பித்தான் லைசென்ஸ் வாங்கினேன். விதி அனுமதிக்கிறது, தப்பில்லை. ஆனால் டர்பைன் விமானத்தில் கமாண்ட் எவ்வளவு என்று எங்கே விண்ணப்பித்தாலும் ஒரு கட்டம் இருக்கிறது, அதில் நான் போடுவது பூஜ்யம்.

பிப்ரவரி 27

மெயில் வந்துவிட்டது!! ஜெட். ஏ320. நேர்காணலும் சிம் (சிமுலேட்டர்) மதிப்பீடும் மார்ச் 26. வருவதாக இருந்தால் 20-க்குள் உறுதி செய்ய வேண்டும்.

மார்ச் 1

மனைவியிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டாள், பிறகு அங்கே கேப்டனாக எத்தனை வருஷம் என்று கேட்டாள். அதுதான் கேள்வி.

போனால் பட்டியலில் கடைசி ஆள். வலது சீட்டிலிருந்து வலது சீட்டுக்கே. சம்பளம் கூடும், விமானம் பெரிது, 39,000 அடி வரை ஏறலாம். ஆனால் அந்த ரக விமானத்தை ஓட்டத் தரும் டைப் ரேட்டிங்குக்கு மூன்று வருஷ பாண்ட், அதற்கும் மேலே எத்தனை வருஷம் உட்கார வேண்டுமோ. இருந்தால் சின்ன விமானம், நாளைக்கு ஐந்து செக்டார், ஆனால் இடது சீட். அந்த கமாண்ட் மணி ஆயிரத்தைத் தாண்டிவிட்டால் பிறகு எந்த வாசலில் போய் நின்றாலும் பேச்சே வேறு. சீனியாரிட்டியை மட்டும் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப் போக முடியாது. இருபது வருஷ கேப்டனும் மாறினால் கடைசியிலிருந்துதான். அதனால் போவதென்றால் சின்ன வயதிலேயே போய்விடு என்கிறார்கள், அதிலும் நியாயம் இருக்கிறது. எனக்கு 34.

அமெரிக்காவில் இருக்கும் நண்பனைக் கூப்பிட்டேன். அங்கே என்வாய், பீட்மான்ட் மாதிரி பெரிய கம்பெனியே சொந்தமாக வைத்திருக்கும் ரீஜினல்களில், அதாவது சின்ன விமானக் கம்பெனிகளில், 'ஃப்ளோ' என்று ஒன்று இருக்கிறது, முறை வந்தால் தாய்க் கம்பெனிக்கு அப்படியே போய்விடலாம், இன்னொரு தேர்வு கிடையாது. ஆனால் ரீஜினலுக்கு 76 சீட்டுக்கு மேல் விமானம் தரக் கூடாது என்று பெரிய கம்பெனி பைலட் சங்கங்களின் ஒப்பந்தம் கட்டிப்போட்டிருக்கிறதாம். அதனால் அங்கேயே எவ்வளவு வளர்ந்தாலும் வளர்ச்சி அந்த 76 சீட்டோடு நின்றுவிடும் என்றான். எனக்கு ஃப்ளோவும் இல்லை, அப்படி ஓர் ஒப்பந்தமும் இல்லை. வருகிற மெயிலும் போகிற ஆட்களும்தான்.

மார்ச் 2

தூக்கம் இல்லை.

மார்ச் 6

மெடிக்கல். என் வயதில் வருஷத்துக்கு ஒரு தடவைதான், ஆனால் அந்த ஒரு நாள் காலையில் எனக்கு வயிறு சுருண்டுவிடும். முதல் தடவை ரத்த அழுத்தம் கூடுதலாகக் காட்டியது. பத்து நிமிஷம் சும்மா உட்காருங்கள் என்றார்கள். சுவரைப் பார்த்துக்கொண்டு, எண் 14, மெயில், 26-ம் தேதி, எதையும் நினைக்காமல் இருக்க முயன்றேன். இரண்டாவது தடவை சரியாகிவிட்டது. இத்தனை வருஷக் காத்திருப்பும் கையில் கட்டிய அந்தத் துணிப்பட்டைக்குள் இருந்தது.

மார்ச் 10

கேப்டனாக்கும் கமாண்ட் கோர்ஸுக்கு ஆறு பேர். எனக்கு மேலே சிலர் ஜெட்டுக்குக் காத்திருப்பதால் விண்ணப்பிக்கவில்லை, சிலருக்கு ஏடிபிஎல் முடியவில்லை, அப்படி விட்டு விட்டு இறங்கி வந்து 13-ல் முடிந்துவிட்டது. ஆறாவது ஆள் அவன்.

11 மாதம்.

மார்ச் 11

எழுத ஒன்றும் இல்லை. அவனுக்கு வாழ்த்து அனுப்பினேன். மனதார அனுப்பினேனா என்று தெரியவில்லை, அனுப்பினேன்.

மார்ச் 13

ராத்திரி அவனே கூப்பிட்டான். அவனுக்கும் அந்த மெயில் வந்திருக்கிறது, என்னிடம் சொல்லவில்லை, நானும் அவனிடம் சொல்லவில்லை. போகிறானாம். குழந்தைக்குப் பள்ளிக்கூடம், வீட்டுக்கடன், மாதம் 12 நாள் வெளியே தங்குவது, எல்லாம் சொன்னான். கோர்ஸை விட்டுக்கொடுத்துக் கடிதம் கொடுத்தாயிற்று. "உனக்குத்தான்டா வரும், நீ ஒழுங்கா படி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

மார்ச் 14

டிரெயினிங்கிலிருந்து போன். 24-ம் தேதி கிரவுண்டு ஸ்கூல், 28 முதல் சிம்.

மார்ச் 17

படுக்கையறைச் சுவரில் காக்பிட் போஸ்டர் ஒட்டியிருக்கிறேன், டைப் ரேட்டிங் காலத்திலிருந்து பத்திரமாக வைத்திருந்தது. நாற்காலியை இடது பக்கம் போட்டேன். ஐந்து வருஷமாக வலது கையில் கன்ட்ரோல், இடது கையில் பவர் லீவர். இப்போது அப்படியே தலைகீழ். கண்ணை மூடிக்கொண்டு தொட வேண்டியதைத் தொட்டால் கை பழைய இடத்துக்குத்தான் போகிறது.

கை மாறுவதுகூடப் பத்து நாளில் பழகிவிடும். வீ-ஒன் வேறு விஷயம், டேக்-ஆஃபில் இனி நிறுத்தக் கூடாது என்ற வேகம். கோ-பைலட்டே டேக்-ஆஃப் ஓட்டினாலும் வீ-ஒன் வரை பவர் லீவரில் இருப்பது கேப்டன் கைதான். நிறுத்துவதா போவதா என்பது அந்தக் கையில் இருக்கிறது. வீ-ஒன் என்று குரல் வந்ததும் கையை எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு போவது மட்டும்தான். பெரியவரின் கையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவசரமே இருக்காது, லீவரிலிருந்து நழுவி மடியில் போய் உட்காரும். அந்தக் கை என்ன முடிவு எடுக்கும் என்று நான் யோசித்ததே இல்லை, யோசிக்க வேண்டிய சீட்டில் இல்லை.

அவள் எட்டிப் பார்த்து, "நாற்காலி இடம் மாறியிருக்கே" என்றாள்.

மார்ச் 20

வரவில்லை என்று பதில் போட்டுவிட்டேன். இரண்டே வரி. அனுப்பிய பிறகு ஒரு மணி நேரம் கழித்து வயிற்றைப் பிசைந்தது. கோர்ஸில் தேர்வு போர்டு என்னை ஃபெயிலாக்கினால் இரண்டும் போயிற்று.

மார்ச் 22

கோல்கன் 3407 விமான விபத்தின் விசாரணை அறிக்கையை மறுபடி படித்தேன். 2009 பிப்ரவரி, பஃபலோ பக்கத்தில், க்யூ400 ரக விமானம். அது ஸ்டாலாகப் போகிறது, இறக்கை தூக்கும் சக்தியை இழக்கப் போகிறது என்று ஸ்டிக் அதிர்ந்து எச்சரிக்கிறது, முன்னே தள்ள வேண்டிய கேப்டன் பின்னால் இழுத்தார். தரையில் இருந்த ஒருவரையும் சேர்த்து 50 பேர். அமெரிக்காவில் கோ-பைலட்டுக்கே 1,500 மணி என்ற விதி வந்தது இதனால்தான். அந்த கேப்டன் இதற்கு முன் பல செக்கில் தோற்றவர், கூட இருந்தவர் வேலைக்கு வரவே ராத்திரி முழுக்க வேறு கம்பெனி விமானத்தில் பயணம் செய்து வந்தவர், சம்பளம் அவ்வளவு குறைவு. இதெல்லாம் ரீஜினல் கதைதான். நான் நினைப்பது அந்த இழுத்த கையைப் பற்றி. அவரும் என்னைப் போல காத்திருந்து அந்த சீட்டுக்கு வந்தவராகத்தானே இருந்திருப்பார்.

மார்ச் 28

முதல் சிம். டில்லரை முதல் தடவையாகப் பிடித்தேன். நினைத்ததைவிடக் கூர்மையாகத் திரும்புகிறது, டாக்சிவேயில் குடித்தவன் மாதிரி போனேன்.

மூன்றாவது டேக்-ஆஃபில் இன்ஜின் ஒன்று போனது. ஏடிஆரில் போன இன்ஜினின் புரொப்பெல்லர் தானாகவே ஃபெதராகிவிடும், அதாவது காற்றைத் தடுக்காதபடி இலைகள் திரும்பிவிடும், இன்னொன்று தானாகவே பவர் ஏற்றிக்கொள்ளும், என் வேலை நேராகப் பிடிப்பது. பிடித்தேன். நன்றாக இருந்தது.

ஐந்தாவதில் 70 நாட் தாண்டியாயிற்று, வீ-ஒன்னுக்கு இன்னும் கொஞ்சம்தான், ஒரு ஒற்றை மணியோசை, ஆம்பர் விளக்கு. நிறுத்திவிட்டேன். இவ்வளவு வேகத்தில் சிவப்பு எச்சரிக்கை, இன்ஜின், தீ மாதிரி பெரிய விஷயத்துக்குத்தான் நிறுத்த வேண்டும், அது எனக்கு மனப்பாடம். கை கேட்கவில்லை. ரன்வே முடிய கொஞ்சம் மிச்சம் வைத்து நின்றது. இன்ஸ்ட்ரக்டர் கத்தவில்லை. "ஏன் நிறுத்தினீங்க?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

மார்ச் 29

ஏன் நிறுத்தினேன்?

மார்ச் 30

ஐந்து வருஷமாக மணியோசை கேட்டால் நான் செய்தது ஒன்றுதான். படித்துச் சொல்வேன், முடிவு பக்கத்திலிருந்து வரும். நேற்று முன்தினம் பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை, அந்த ஒரு நொடிக் காலியிடத்தில் கை பயந்துவிட்டது. இன்று இரண்டாவது செஷனில் அதே மணியோசை வந்தது. "கன்டினியூ" என்று வாய்விட்டுச் சொன்னேன், சொன்ன பிறகுதான் விளக்கைப் பார்த்தேன். குரல் உடைந்து வந்தது, ஆனால் வந்தது.

ஏப்ரல் 2

பெரியவரின் கடைசி செக்டார் இன்று மாலை. வலது சீட்டில் நான் இருக்க வேண்டும் என்று பிப்ரவரியிலேயே ரோஸ்டரில் கேட்டு வைத்திருந்தேன். சிம் ஸ்லாட் அதே நேரம். அவர் இறங்கியபோது நான் இருட்டுப் பெட்டிக்குள் ஒற்றை இன்ஜினில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

வெளியே வந்து போனைப் பார்த்தால் ஒரு படம் அனுப்பியிருக்கிறார். காலியான இடது சீட், சாய்வில் அவருடைய தொப்பி. கீழே, "கட்டையைப் பாரு தம்பி."

ஏப்ரல் 3

இன்று நான்காவது செஷன், ராத்திரி 11 மணி ஸ்லாட். மதியம் தூங்க வேண்டும். இடது கை மணிக்கட்டு லேசாக வலிக்கிறது