லயத்து இஸ்தோப்பிலிருந்து ஒரு வியாபாரம்

இலங்கை மலையகத்தில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் வாழும் குடும்பங்களுக்கென்று தனி முகவரி இல்லாமல், கடிதங்கள் எல்லாம் தோட்ட அலுவலகத்துக்கே வந்து சேர்ந்த காலத்தில் வளர்ந்தவன் நான். நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு ஒன்று, தேர்வு முடிந்து நான்கு நாட்களுக்குப் பிறகே என் கையில் கிடைத்தது. அந்த வலி இன்னும் ஆறவில்லை. அதனாலேயே, அதே லயத்தில் இன்று என் அண்ணி இணையத்தின் வழியே தொழில் நடத்துவதை என்னால் சாதாரணமாகப் பார்க்க முடிவதில்லை.

வீட்டு முன் திண்ணையான இஸ்தோப்பில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் அவர், தைத்து முடித்த சட்டையை வேலியில் வெயில் படும்படி விரித்து, கைபேசியில் படமெடுத்து, அளவையும் விலையையும் எழுதி வாட்ஸ்அப் பிசினஸில் ஏற்றுகிறார். 2018இல் வெளிவந்த அந்தச் செயலியை இலவசமாகவே தரவிறக்கலாம். துண்டுப்பிரசுரம் அச்சிட்டு அட்டன் பஸ் நிலையத்தில் கொடுத்தால் யார் படித்தார்கள் என்று தெரியாது. பேஸ்புக் விளம்பரத்திலோ ஊரையும் வயதையும் தெரிவு செய்யலாம், எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதையும் பார்க்கலாம்.

1883இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலமும், கொரோனா முடக்கத்தின்போது 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறியது. கொழுந்து பறிப்பவர்களின் கூலியை அந்த மாற்றம் உயர்த்தியதாக நான் காணவில்லை.

மழை பிடித்தால் எங்கள் பள்ளத்தில் சிக்னல் அறுந்துவிடும். அண்ணி குடையுடன் மேட்டுக் கோவிலடிக்கு ஏறி, "தம்பி, மூன்று ஓடர் வந்திருக்கு" என்று குரல் பதிவு அனுப்புவார். பொதிகளை அனுப்ப மட்டும் அவர் இன்னமும் டவுனுக்கு நடந்தே இறங்க வேண்டியிருக்கிறது. கூரியர் வாகனம் எங்கள் தோட்டப் பாதையில் ஏறுவதில்லை.