தில்லையில் ஒரு திருநாளும் ஒரு புதன்கிழமையும்

மார்கழித் திருவாதிரை பல ஆண்டுகளில் அரையாண்டு விடுமுறையை ஒட்டியே வந்துவிடும். 2023-ஆம் ஆண்டு அது டிசம்பர் 27-ஆம் தேதி அமைந்தது; முதல் நாள் தேரோட்டம். "அடுத்த லீவில் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்த சிதம்பரப் பயணத்தை அந்த முறை விட்டுவிடக் கூடாது என்று உறுதி செய்துகொண்டு, நானும் கணவரும் எட்டு வயது மகனும் மாமியாரும் திருச்சியிலிருந்து ரயிலில் புறப்பட்டோம்.

அந்த நான்கு நாள் விடுமுறையின் மீது நான் மிகுந்த எதிர்பார்ப்பை ஏற்றி வைத்திருந்தேன். அலுவலகமும் சமையலறையும் வீட்டுப்பாடமும் மாறி மாறி இழுத்த ஆறு மாத அலுப்பெல்லாம் தில்லை என்னும் சிதம்பரத்தில் ஆடும் கூத்தனை, நடராசரைக் கண்டவுடன் நீங்கிவிடும், மனம் நிறைந்துவிடும் என்று நம்பினேன். அவன் ஆடுவது ஆனந்தத் தாண்டவம் அல்லவா?

தேரோட்டத்தன்று விடியும் முன்பே கீழவீதியில் நின்றோம். வீதி முழுவதும் தண்ணீர் தெளித்துக் கோலமிட்டிருந்தார்கள். விநாயகர், முருகன், நடராசர், சிவகாமி அம்மை, சண்டிகேசுவரர் என ஐந்து தேர்கள். மற்ற தலங்களில் மூலவர் கருவறையில் இருக்க உற்சவர் வீதிக்கு வருவார். தில்லையிலோ ஆனியிலும் மார்கழியிலும் மூலவரே தம் கருவறையான சிற்சபையை விட்டு இறங்கித் தேரேறுகிறார். மாமியார் வடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தேர் நகராமல் நின்றபோது சேந்தனார் பல்லாண்டு பாடி அதை ஓட வைத்த கதையைப் பேரனுக்குச் சொன்னார். விறகு விற்றுப் பிழைத்த அந்த அடியார் வீட்டுக் களியைத்தான் இறைவன் விரும்பி உண்டார், மறுநாள் சன்னிதியில் களி சிதறிக் கிடந்தது என்று அவர் சொன்னதும், "அப்படியானால் நம் வீட்டுக் களியையும் சாப்பிடுவாரா, பாட்டி?" என்று பையன் கேட்டான்.

அன்றிரவு சுவாமி ஆயிரங்கால் மண்டபத்தில் தங்கினார். மறுநாள் விடியற்காலையில் மகாபிஷேகம். பிற்பகலில் சிற்சபைக்குத் திரும்பும் நேரத்தில் கூட்டம் அலையலையாய் நெருக்கியது. பையன் மூச்சுமுட்டி அழுதான், நான் அவனை அதட்டினேன், கணவர் என்னைக் கடிந்துகொண்டார். தலைகளுக்கு மேலே ஒரு தீபச் சுடர் தெரிந்தது; மலர்களுக்கிடையே பொன்னிறம் ஒரு கணம் மின்னி மறைந்தது; அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த தரிசனம். சிவகங்கைக் குளப்படியில் வந்து உட்கார்ந்தபோது, இத்தனை நாள் காத்திருந்து வந்தும் மனம் நிறையவில்லையே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாமியார் என்னைத் தேற்றவில்லை. வேறொன்றைச் சொன்னார். தில்லைக் கூத்தனுக்கு ஆண்டில் ஆறு முறைதான் அபிஷேகம்: மார்கழித் திருவாதிரை, மாசிச் சதுர்த்தசி, சித்திரைத் திருவோணம், ஆனி உத்திரம், ஆவணியிலும் புரட்டாசியிலும் சதுர்த்தசி. நமக்கு ஓராண்டு என்பது தேவர்களுக்கு ஒரு நாள். ஆகவே இந்த ஆறும் அவர்கள் செய்யும் ஆறு காலப் பூஜை. மார்கழி அவர்களுக்கு வைகறை. "நமக்குத்தான் அம்மா இது திருவிழா. அவங்களுக்கு இது காலையில எழுந்து செய்யற அன்றாட பூஜை" என்றார்.

அந்தச் சொல் என்னை விட்டு நீங்கவில்லை. ஊர் கூடித் தேரிழுக்கும் பெருநாள் இன்னொரு கணக்கில் வெறும் ஒரு விடியற்காலை என்றால், நான் அலுத்துக்கொண்டு கடக்கும் என் விடியற்காலைகளை என்னவென்று சொல்வது?

தை மாதத்தில், உறவினர் வீட்டு நிச்சயதார்த்தத்திற்காக நான் மட்டும் மீண்டும் சிதம்பரம் செல்ல நேர்ந்தது. நிகழ்ச்சி மாலையில்தான். அன்று ஒரு புதன்கிழமை. எந்த விசேஷமும் இல்லை. காலையில் கீழக்கோபுர வாயிலில் 108 கரணச் சிற்பங்களை நின்று பார்க்கவே எனக்கு நேரம் இருந்தது. ஆடும் உடலின் ஒவ்வொரு நிலையையும் கல்லில் நிறுத்திவைத்தவர்களுக்கு அதுவும் அன்றாட வேலையாகத்தானே இருந்திருக்கும்!

இரண்டாம் காலப் பூஜைக்கு, சிற்சபைக்கு முன்னுள்ள கனகசபையின் எதிரே ஐம்பது பேர்கூட இருக்கமாட்டார்கள். காய்கறிப் பையோடு ஓர் அம்மா, வேலைக்குப் போகும் வழியில் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி ஓர் இளைஞர், கோயிலுக்கு நாள்தோறும் வருபவர்கள்போல் ஒருவரையொருவர் பெயர் சொல்லி விசாரித்துக்கொண்ட சில பெரியவர்கள். ஸ்படிக லிங்கத்துக்கு அபிஷேகம் முடிந்ததும், தீட்சிதர் இரத்தினசபாபதியை எடுத்து வைத்தார். மாணிக்கத்தாலான சிறிய நடராசத் திருமேனி அது. முன்புறம் கற்பூர ஆரத்தி காட்டும்போது கருஞ்சிவப்பாக இருந்தது. பின்னர் தீட்சிதர் தீபத்தைத் திருமேனியின் பின்னே கொண்டுசென்றார். கல்லுக்குள் ஒளி புகுந்தது. மாதுளை முத்தைச் சூரியனுக்கு நேரே பிடித்தாற்போல, தூக்கிய திருவடியும் வீசிய கரமும் உள்ளிருந்தே சிவந்து எரிந்தன. காய்கறிப் பை அம்மா, "இதைப் பார்த்துட்டுத்தான் உலை வைப்பேன்" என்று எவரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார். இந்த ஆரத்தி ஆண்டின் எல்லா நாளும் நடக்கிறது. நான் இருமிக்கொண்டு பேருந்துக்கு ஓடிய நாட்களிலும், மகனின் மதிப்பெண்ணுக்காகக் கோபித்துக்கொண்ட நாட்களிலும் இது இங்கே நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

நிமிர்ந்து பார்த்தால் சிற்சபையின் பொன்வேய்ந்த கூரை. அதில் 21,600 ஓடுகள் என்றும், அவை மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சின் எண்ணிக்கை என்றும், அவற்றை இணைக்கும் 72,000 ஆணிகள் உடலின் நாடிகள் என்றும் மரபாகச் சொல்வார்கள். பல முறை கேட்ட செய்திதான். ஆனால் அன்று எனக்கு அது வேறாக விளங்கியது. அம்பலத்தின் கூரைக்கு எடுத்துக்கொண்ட கணக்கு திருவிழாக்களின் எண்ணிக்கை அல்ல. எந்தச் சிறப்பும் இல்லாத ஒரே ஒரு நாளின் மூச்சு. அதைத்தான் பொன்னால் வேய்ந்திருக்கிறார்கள்.

நின்ற இடத்திலிருந்தே திரும்பினால் கோவிந்தராசப் பெருமாள் பள்ளிகொண்டிருக்கிறார். ஆடுபவரையும் உறங்குபவரையும் ஒரே இடத்தில் நின்று வணங்கும் பேறு தில்லைக்கு உண்டு. எனக்கு நந்தனாரும் நினைவுக்கு வந்தார். "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று ஏங்கி ஏங்கித் திருநாளைப்போவார் என்றே பெயர் பெற்றவர். அவரைத் தடுத்தது பிறப்பைச் சொல்லி ஊர் போட்ட வேலி. அது நினைக்கும்தோறும் நெஞ்சைச் சுடும் கொடுமை. என்னை எவரும் தடுக்கவில்லை. மகிழ்ச்சியை நாளைக்கு, விடுமுறைக்கு என்று ஒத்திப்போட்டவள் நானேதான் என்று உணர்ந்தபோது அவர் பெயரைச் சொல்லவும் கூசினேன்.

பிரசாதமாகச் சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் கிடைத்தன. மிளகும் சீரகமும் நெய்யும் மணக்கும் அந்தச் சோற்றைப் பிராகாரத் தூண் ஒன்றின் நிழலில் அமர்ந்து, அவசரமின்றி உண்டேன்.

வீடு திரும்ப நள்ளிரவாகிவிட்டது. மாமியார் விழித்திருந்தார். "சாமியைப் பார்த்தியா அம்மா?" என்றார். "இந்தத் தடவை நின்னு பார்த்தேன், அத்தை" என்றேன்.

மறுநாள் வியாழக்கிழமை. நான் எழுந்து வந்தபோது அவர் இரும்பு வாணலியில் அரிசியையும் பாசிப்பருப்பையும் தனித்தனியே வறுத்து முடித்திருந்தார். அரிசி இளஞ்சிவப்பாகப் பொரிந்திருந்தது. வெல்லம் தட்டி வைக்கப்பட்டிருந்தது. திருவாதிரைக்கு மட்டுமே எங்கள் வீட்டில் களி கிண்டுவது வழக்கம்.

"இன்னைக்கு என்ன விசேஷம், அத்தை?"

"ஒண்ணுமில்லை. பையன் கேட்டான்" என்று சொல்லி, ஏலக்காயை என் கையில் கொடுத்துப் பொடிக்கச் சொன்னார்.