சபையில மனஸ்தாபம் வந்தா யார்கிட்ட போறோம்?

ஒருத்தர் மேல வருத்தம்னா அவர தவிர மத்த எல்லார்கிட்டயும் சொல்லிடுறோம், அதுவும் "ஜெபிச்சுக்கோங்க"ன்னு வாட்ஸ்அப் குரூப்லயே போட்டுடுறோம், ரொம்ப வேதனையா இருக்குங்க. பைபிள்ல மத்தேயு 18ம் அதிகாரத்துல இயேசு வரிசையாவே சொல்லிட்டாரு, முதல்ல ரெண்டு பேரும் தனியா பேசுங்க, கேக்கலன்னா ஒண்ணு ரெண்டு பேர கூட்டிட்டு போங்க, சபைக்கு சொல்றது அதுக்கப்புறம்தான்.

அதுக்காக குறைய அமுக்கவும் கூடாது. முதல் சபையப் பத்தி சொல்ற அப்போஸ்தலர் நடபடிகள் 6ம் அதிகாரத்துல, கிரேக்க மொழி பேசுற விதவைகள சரியா கவனிக்கலன்னு முறுமுறுப்பு வந்தப்போ அப்போஸ்தலர்கள் யார் வாயையும் அடைக்கல, அந்த வேலைய பாத்துக்க 7 பேர தெரிஞ்செடுக்க சொன்னாங்க, ஸ்தேவான், பிலிப்புன்னு அந்த 7 பேருமே கிரேக்கப் பேருக்காரங்க, குறை சொன்னவங்க பக்கத்துலயே பொறுப்ப குடுத்திருக்காங்கன்னு தோணுது.

ஆனா பாலியல் தொல்லை மாதிரி விஷயத்துல பாதிக்கப்பட்டவங்கள "தனியா போய் பேசு"ன்னு அனுப்பவே அனுப்பாதீங்க, அது போலீஸுக்கு போக வேண்டியது.