ஆட்டுக்கல்லும் மரக்குதிரையும்

போன வாரம் 'பிளேடு ரன்னர் 2049' படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். 163 நிமிஷம். கூட உட்கார்ந்தவர்கள் அரை மணி நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ரொம்ப மெதுவான படம்தான். 1982-ல் ரிட்லி ஸ்காட் எடுத்த படத்துக்கு 35 வருடம் கழித்து, 2017-ல் டெனி வில்னுவ் எடுத்த தொடர்ச்சி. ஒளிப்பதிவு ரோஜர் டீக்கின்ஸ். அதற்கு முன் பதின்மூன்று முறை பரிந்துரையோடு நின்றுபோன ஆஸ்கர், இந்தப் படத்துக்குத்தான் அவருக்குக் கிடைத்தது. முடிவைச் சொல்லித்தான் எழுதப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

இதில் வரும் ரெப்ளிகண்ட்களை, அதாவது வேலைக்கென்றே செய்யப்பட்ட செயற்கை மனிதர்களை, குளோன் என்று பலரும் சொல்கிறார்கள். கறாராகப் பார்த்தால் அவர்கள் யாருடைய நகலும் இல்லை. செய்யும்போதே வளர்ந்த ஆளாகச் செய்து வேலைக்கு அனுப்பிவிடுகிறார்கள். குழந்தைப் பருவம் என்று ஒன்று கிடையாது. அதனால் மனசு நிலையாக இருக்கட்டும் என்று பொய்யாகச் சில நினைவுகளை உள்ளே வைத்துவிடுகிறார்கள். நாயகன் கே அப்படிப்பட்ட ஒரு போலீஸ்காரன். தன் நினைவுகள் பொய் என்று அவனுக்கே தெரியும். தெரிந்துகொண்டு வேலைக்குப் போய்வருகிறான்.

அவனிடம் ஒரு நினைவு இருக்கிறது. அநாதை இல்லத்துப் பையன்கள் துரத்துகிறார்கள். கையில் இருக்கும் சின்ன மரக்குதிரையைப் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க, அணைந்து கிடக்கும் உலைக்குள் ஒளித்துவைக்கிறான். குதிரையின் அடியில் 6.10.21 என்று செதுக்கியிருக்கும். ரெப்ளிகண்ட் ஒருத்திக்குப் பிறந்த பிள்ளையைத் தேடும் வழக்கைத் துரத்திக்கொண்டு அந்த இடத்துக்கே வந்து சேர்கிறான். சாம்பலுக்குள் கையை விடுகிறான். குதிரை இருக்கிறது.

அந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் எங்கள் வீட்டுக் கொல்லைப்புற ஆட்டுக்கல் ஞாபகம் வந்துவிடும்.

என் முதல் நினைவு அதுதான். பாட்டி மாவு ஆட்டிக்கொண்டிருக்கிறாள். குழவி சுற்றுவதைப் பார்த்து நான் விரலை நீட்டுகிறேன். நசுங்குகிறது. ஈர அரிசி வாசனை, வெள்ளை மாவில் சிவப்பு, பாட்டி மஞ்சள்தூளை அள்ளி அப்புகிறாள். அந்த எரிச்சல் இப்போதும் விரல் நுனியில் தெரியும். இதை எத்தனையோ பேரிடம் என் கதையாகச் சொல்லியிருக்கிறேன். முப்பத்தொரு வயதில் ஒருநாள் அம்மாவிடம் பேச்சுவாக்கில் சொன்னபோது சிரித்துவிட்டாள். "டேய், அது உங்க அக்காடா. நீ அப்ப தொட்டில்ல கிடந்த."

நம்பவில்லை. கல் அங்கேதானே கிடக்கிறது, பிறகு எப்படிப் பொய்யாகும் என்றுதான் முதலில் தோன்றியது. குதிரை கிடைத்ததும் கே போட்ட கணக்கும் இதேதான். பொருள் நிஜம், ஆகவே நடந்ததும் நிஜம், ஆகவே அது எனக்கே நடந்தது. இரண்டாவது 'ஆகவே'யில்தான் வழுக்குகிறது. என் விரலில் தழும்பு இல்லை. அக்காவின் இடது மோதிர விரல் நகம் இன்றைக்கும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது. அதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன், ஆனால் ஏன் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

கே தன் நினைவைச் சரிபார்க்க அனா ஸ்டெலினிடம் போகிறான். நோயெதிர்ப்புக் குறைபாட்டால் கண்ணாடி அறைக்குள்ளேயே வாழும் பெண். ரெப்ளிகண்ட்களுக்கு நினைவுகள் செய்து தருவது அவள் வேலை. நிஜ நினைவை வைப்பது அங்கே சட்டவிரோதம். அவனுடையதைக் கருவி வழியாகப் பார்த்துவிட்டு, இது யாருக்கோ உண்மையாக நடந்தது என்கிறாள். அவன் வெடித்துக் கத்துகிறான். முதல்முறை பார்க்கும்போது நம் கண் அவன் மேலேயே இருக்கும். முடிவு தெரிந்தபின் பாருங்கள், அவள் கண்ணில் நீர் நிற்கிறது. 'யாருக்கோ' என்று அவள் சொன்னது தன்னைத்தான். குதிரை அவளுடையது, பயந்து ஓடியதும் அவள்தான். அவ்வளவு பெரிய விஷயத்தை யாரும் அடிக்கோடு போட்டுக் காட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

பிற்பாடு, தான் தேடிய பிள்ளை தானில்லை, அனாதான் என்று அவனுக்குத் தெரியவருகிறது. இந்த மாதிரிக் கதைகளில் நாயகன்தான் காத்திருந்த அவதாரம் என்று முடிப்பார்கள். இதில் அவனை வெறும் ஆளாகவே விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகும் காயத்தோடு போய் அனாவின் அப்பாவான டெக்கர்டை, முதல் படத்தின் நாயகனை, மீட்டு, மகளின் வாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வெளியே பனி கொட்டும் படிக்கட்டில் சாய்கிறான். உள்ளே அவனுக்கு வேலை இல்லை.

படம் முடிந்ததும் அக்காவுக்கு போன் போட்டேன். உன் விரல் நசுங்கியதை நான்தான் இத்தனை வருஷம் வைத்திருந்தேன் என்று சொன்னேன். பாட்டி மாவாட்டும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே எனக்குள் வைத்திருப்பாள் போல.

"எனக்கு வலிச்சதே ஞாபகம் இல்லடா," என்றாள். "அழுகையை நிறுத்த அப்பா பஸ் ஸ்டாண்டுக்குத் தூக்கிட்டுப் போய் பால்கோவா வாங்கித் தந்தாரு. அதுதான் இருக்கு."

பால்கோவா என்னிடம் இல்லை.