போர் விமான இரைச்சல் புகார்: மூன்று முறை திரும்பி வந்த மனு

"குறிப்பிட்ட நேரத்தில் விமானம் எதுவும் பறக்கவில்லை." முதல் மனுவுக்கு வந்த பதில் இவ்வளவுதான். தலைக்கு மேலே இரண்டு ஃபைட்டர் ஜெட் போனதைத் தெருவே நின்று பார்த்திருந்தது. காரணம் பிடிபட ஒரு மாதம் ஆனது. மனுவில் இருந்தது உள்ளூர் நேரம், விமானப்படைத் தளத்தின் பறப்புப் பதிவேட்டில் இருப்பதோ யூடிசி என்னும் உலகப் பொது நேரம். மனுவைப் பிரித்தவர் மாற்றிப் பார்க்கவே இல்லை. இரண்டு நேரத்தையும் அடுத்தடுத்து, நிமிடம் வரை எழுதிவிடுங்கள். "சாயங்காலம் ஆறு மணிவாக்கில்" என்று எழுதினால் யாரும் தேடிப் பார்க்க மாட்டார்கள். எத்தனை விமானம், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு என்பதும் வேண்டும். மனுவைத் தளத்தின் நிர்வாகத்திடமே கொடுத்து ஒப்புகை எண் வாங்குங்கள். பயணிகள் விமான நிலையத்துக்குப் போனால் ஒரு நாள் வீண்.

ஒலியைக் கைபேசி செயலியில் அளந்ததால் இரண்டாவது மனு தள்ளுபடியானது. இதில் அவர்கள் சொன்னது நியாயம்தான். கைபேசி மைக் பேச்சுக்காகச் செய்தது. ஜெட் நேர் மேலே வரும்போது அளவு ஓர் உச்சத்தில் முட்டி, அப்படியே தட்டையாக நின்றுவிடும். அந்த வரைபடத்தைப் பார்த்ததுமே தள்ளிவிடுவார்கள். இரண்டாம் வகுப்புத் தர ஒலி அளவுமானியாவது வேண்டும், வாடகைக்கு எடுத்தால் போதும். கூடவே மானியைச் சரிபார்க்க, 94 டெசிபல் ஒலி எழுப்பும் கேலிப்ரேட்டர் கருவியும் கேட்டு வாங்குங்கள். அளக்கும் முன்னும் பின்னும் சரிபார்த்து, அரை டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய பதிவை விட்டுவிடுங்கள். மைக்குக்குக் காற்றுத் தடுப்புப் பஞ்சு கட்டாயம். தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், சுவரிலிருந்து மூன்றரை மீட்டராவது தள்ளி வையுங்கள். சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் எதிரொலிப்பால் 3 டெசிபல் அளவுக்குக் கூடும், அதை வைத்தே மொத்தத்தையும் மறுப்பார்கள். மானியின் கடிகாரத்தையும் தினமும் பாருங்கள். எங்களுடையது நான்கு நிமிடம் பின்தங்கியிருந்தது.

மானியில் ஏ, சி என்று இரண்டு எடையிடல் உண்டு: ஏ, காதுக்கு ஏற்றபடி தாழ்ந்த சுருதி ஒலியைக் குறைத்துக் காட்டும்; சி ஏறக்குறைய அப்படியே காட்டும். ஏ அளவோடு சி அளவையும் பதியுங்கள். 63 ஹெர்ட்ஸ் உறுமலில் ஏ எடையிடல் 26 டெசிபலைக் கழித்துவிடும், சி ஒரு டெசிபல்கூடக் கழிக்காது. ஜன்னல் சட்டத்தில் கண்ணாடி தடதடவென்று அடிப்பது இந்த உறுமலால். ஏ மட்டும் காட்டினால் அது காகிதத்தில் காணாமல் போகும்.

மூன்றாவது பதில்தான் இன்னும் எரிகிறது. "ஆண்டுச் சராசரி 51 டெசிபல், கவலைப்பட ஒன்றுமில்லை." கணக்கைப் பிரித்துப் பாருங்கள். ஒரு விமானம் கடக்கும் மொத்த ஒலியையும் ஒரே நொடியில் அடக்கினால் 110 டெசிபல் என்று வைப்போம். அதை 24 மணி நேரத்துக்குப் பரப்பினால் 61. பத்து நாளைக்கு ஒரு நாள்தான் பறந்தது என்று ஆண்டு முழுக்கப் பரப்பினால் 51. தூக்கத்திலிருந்து அலறி எழும் குழந்தைக்குச் சராசரி கேட்பதில்லை, அந்த ஒரு தடவைதான் கேட்கிறது. ஆகவே பறந்த நாட்களுக்கு மட்டுமான சராசரியையும், ஒவ்வொரு கடப்பின் உச்ச அளவையும் எழுத்தில் கேளுங்கள். இரவு 10 முதல் காலை 7 வரையான பறப்புக்கு 10 டெசிபல் கூட்டினார்களா என்றும் கேளுங்கள். அந்தக் கணக்கில் ஓர் இரவுப் பறப்பு பத்துப் பகல் பறப்புக்குச் சமம். தாழப் பறந்து திடீரென்று வெடிக்கும் சத்தத்துக்கு 11 டெசிபல் வரை கூட்டும் முறையும் இருக்கிறது. அவர்களாக அதைச் சொல்ல மாட்டார்கள்.

அவர்கள் தந்த 51-கூடச் சின்ன எண் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் ஐரோப்பியப் பகுதிக்குச் சொன்ன விமான இரைச்சல் வரம்பு 45 டெசிபல். நான்காவது மனுவின் முதல் வரியாக இதைத்தான் வைத்தோம்.

இந்த முறை பதிலோடு பதிவேட்டுப் பக்கமும் வந்தது. நாங்கள் குறித்த பதினொரு கடப்பில் ஒன்பது, நிமிடம் பிசகாமல் அதில் இருந்தன. இரவுப் பயிற்சி நாட்களை முன்கூட்டியே அறிவிப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விடுபட்ட இரண்டுக்கும் தனி மனு போட்டாயிற்று.